இரண்டு பிரேக் வைத்த சைக்கிள்

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகளில் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. அப்படிப்பட்ட மனிதர் தினமும் வேலைக்குப் போய்வந்த சைக்கிளில் பிரேக்கே கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, பிறகு சிரித்து அலுத்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். அவர் மனைவிக்கு மட்டும் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

சிரிப்பு எப்படி வரும்? அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் இருந்தாள். காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒடிந்த கையை மறு கையில் ஏந்திக்கொண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டுத்துணியை முக்கி, பிழிந்து, சுற்றி, மாவு இறுகும்வரை அந்தக் கையைத் தன் கையில் தாங்கி நிற்பாள். அந்த நேரத்தில் அவர்கள் எப்படி விழுந்தோம் என்று கதை சொல்வார்கள். சைக்கிளில் வந்து விழுந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொன்னார்கள். பிரேக்கைப் பிடித்தேன், பிடிக்கவில்லை. பிரேக் இருக்கிறவன் பாடே இப்படி என்றால் இல்லாதவன் பாடு என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வாள்.

அது பந்தயத் தடத்துக்கென்றே செய்த சைக்கிள். முதலில் மாமனாருடையது. வாலிபத்தில் அவர் அதில் வட்டம் வட்டமாகச் சுற்றி ஜெயித்தவர். அவருக்கு முட்டி போனதும் மகன் கைக்கு வந்தது. மெல்லிய இரும்புக் குழாய்கள், உரிந்துபோன நீலம், உட்கார்ந்து உட்கார்ந்து ஒரே ஆளின் அளவுக்குக் குழிந்த தோல் சீட்டு. அதன் பின்சக்கரத்தில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகும். மற்ற சைக்கிள்களில் இறக்கம் வந்தால் காலைச் சும்மா வைத்துக்கொண்டு காற்று வாங்கியபடி போகலாமே, அந்தச் சொகுசு இதில் இல்லை. நிறுத்த வேண்டுமானால், முன்னோக்கிச் சுற்றிவரும் பெடலைக் காலால் பின்னோக்கி அழுத்தி மடக்க வேண்டும். கால் நழுவாமல் இருக்கப் பெடலோடு சேர்த்து தோல் வாரால் கட்டிக்கொள்வார். அவருக்குக் கால்தான் பிரேக்.

கல்யாணமான புதிதில் அவளும் ஒருமுறை ஆசைப்பட்டு ஏறினாள். சாதாரண சைக்கிள் ஓட்டிப் பழகியவள். வேகம் பிடித்ததும் பழக்கதோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. அவளைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுச் சைக்கிள் தனியாகப் போய் சுவரில் முட்டியது. அவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். "உனக்குத் தெரியுது, உன் காலுக்குத்தான் தெரியல. நான் வாய் வலிக்கச் சொன்னாலும் கால் கேட்காது." அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

முன்னால் மட்டுமாவது ஒரு பிரேக் போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் எத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருப்பாள். அதற்கு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையில் ஓர் ஓட்டை போட வேண்டும். அங்கேதான் அப்பனும் மகனும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். மற்ற எல்லா விஷயத்திலும் எலியும் பூனையுமாக இருப்பவர்கள், அந்தக் கவட்டையில் ஓட்டை போடுவது என்றால் மட்டும் யாரோ தங்கள் நெஞ்சில் துளை போட வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். "அதுல ஓட்ட போட்டா அது அந்த சைக்கிளே இல்லம்மா" என்பார் மாமனார். மகன் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவே ஒருத்தி என்ன செய்ய முடியும்?

ஒரு மழைநாளில் செயின் கழன்றது. செயின் கழன்றால் அந்தச் சைக்கிளில் காலும் பிரேக் இல்லை, ஒன்றுமே இல்லை. சாலை நடுவிலிருந்த தடுப்புக் கட்டையில் மோதி விழுந்தார். மாவுக்கட்டு அறையின் பெஞ்சில், ஒடிந்த மணிக்கட்டை மறு கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை அவள்தான் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டாள். துணியைச் சுற்றினாள். மாவு இறுகும்வரை கையைத் தாங்கி நின்றாள். மற்றவர்களிடம் எல்லாம் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுகிறவள், சொந்தப் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

அடுத்த வாரம் அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சைக்கிளை நடைவழிச் சுவரிலிருந்து இறக்கினாள். மாமனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "உன் புருஷன். நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய பந்தயத் தடத்து அலுவலகத்தில் அதை ஆசையாக வாங்கி, வந்தவர் பார்க்கும்படி சுவரில் உயரமாக மாட்டினார்கள். திரும்பும் வழியில் கடையில் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கினாள். முன்னால் ஒரு பிரேக், பின்னால் ஒரு பிரேக். கடைக்காரர் இரண்டையும் அழுத்திக் காட்டியபோது கட்டைகள் சக்கரத்தைக் கவ்விய விதம் அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அவர் எழுந்து வந்து வெறும் சுவரைப் பார்த்தார். "எங்க?" என்றார்.

"குடுத்துட்டேன்."

"ம்."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சண்டை நாலு நாள் ஓடி ஓய்ந்திருக்கும். அவர் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை இடதுகையால் கழுவி வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோனது. கட்டுப் பிரித்ததும் புதுச் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே கேட்டாள்.

"எப்படி இருக்கு வண்டி?"

"சாதுவான வண்டி. பாலத்து இறக்கத்துல காலுக்கு வேலையே இல்ல. என்னவோ போல இருக்கு."

"பிரேக் நல்லா புடிக்குதா?"

"ஓ, அதெல்லாம் நல்லா புடிக்குது."

சில நாள் கழித்து அந்தப் பாலத்து இறக்கத்தில், கீழே குறுக்கே திரும்பிய லாரியின் பக்கவாட்டில் நேராகப் போய் மோதி அவர் இறந்தார். மதியத்தில், நல்ல வெயிலில். சாலை காய்ந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் என்பதால் அவளை உள்ளே விட்டார்கள். மோதியது நெஞ்சில் என்றார்கள். அது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் இரண்டு காலிலும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின்மேல், தோல் கோடு கோடாகச் சிராய்ந்திருந்தது. எந்தக் காயம் எப்படி விழுந்தால் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. இந்தக் காயம் மட்டும் எதிலும் சேரவில்லை. அந்த நேரத்தில் அதை யோசிக்க அவளுக்குத் தெம்பு ஏது? போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். "வண்டிய பார்த்தோம்மா. ரெண்டு பிரேக்கும் கச்சிதமா இருக்கு. அவர் புடிக்கவே இல்ல. கீழ இருந்தவங்களும் அதத்தான் சொல்றாங்க. கையை அசைக்காம நேரா வந்தாராம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று கேட்டார். மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு வேறு வேறு அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் வெளிப்படையாகவே சொன்னார். "வேணும்னேதான் போயிருக்கான். கெழவனையும் கட்டினவளையும் விட்டுட்டு, ஒரு சைக்கிளுக்காகப் போயிருக்கான். கோழைப்பய." கூடத்தில் மாட்டியிருந்த மகனின் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்றார். சாப்பாடு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்காருவார், இரண்டு வாய் அள்ளுவார், தள்ளிவிடுவார். சட்டை தோளில் நிற்காமல் சரிய ஆரம்பித்தது.

அவளிடம் மட்டும் முன்னெப்போதும் இல்லாத பரிவோடு இருந்தார். அவள் வேலை முடிந்து வருவதற்குள் டீ போட்டு மூடிவைப்பார். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துவைப்பார். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ நல்லதத்தான் நினைச்ச. அந்தக் கோழைக்குத்தான் அது புரியல" என்று தினம் ஒருதரமாவது சொல்லிவிடுவார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்தாள், பஸ் ஏறினாள், ஊரார் எலும்பையெல்லாம் கட்டினாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. சுவரிலிருந்து அந்தச் சைக்கிளை நான் இறக்கிய அன்றைக்கே அவர் முடிவு பண்ணிவிட்டாரா? டம்ளரைக் கழுவி வைத்தாரே, அப்போதேவா?

அவருடைய சாவிக்கொத்து ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது. வீட்டுச் சாவி வளைந்திருந்தது. மாமனார் தன் சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டு, அவள் வரும்வரை படியில் உட்கார்ந்து கிடக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை வளைந்த சாவியை எடுத்துக்கொண்டு சாவிக்கடைக்குப் போனாள். கடை பாலத்து இறக்கத்தின் அடியில் இருந்தது. அத்தனை நாளும் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். அன்று இறக்கத்தின் ஓரமாகச் சுவரைப் பிடித்தபடியே நடந்து இறங்கினாள்.

சாவிக்காரர் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படிம்மா இப்படி வளைஞ்சுது? சாவி சட்டுனு வளையாதே."

"என் வீட்டுக்காரரோடது. இங்கதான், லாரியில."

அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். அவள் உட்காரும்வரை காத்திருந்தார்.

"நான் பார்த்தேன்மா" என்றார். "மனசு கேட்கல, அதனால சொல்றேன். அவர் வேணும்னே போய் விழுந்தார்னு இங்க நாலு பேர் பேசுறாங்க. எனக்கு அப்படித் தோணல. கை அசையல, அது நெசம். ஹேண்டில இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தார். ஆனா கால் சும்மா இல்ல."

"கால்?"

"பின்னாடி பின்னாடி மிதிச்சுக்கிட்டே வந்தார்மா. பெடல் பாட்டுக்கு உல்டாவா சுத்துது. கால் நழுவுது, திரும்ப வச்சு அழுத்துறார், திரும்ப நழுவுது. மொதல்ல, இந்த வயசுல என்ன வெளையாட்டுன்னு நினைச்சேன். அப்புறம் மூஞ்சப் பார்த்தேன். வெளையாடுற மூஞ்சி இல்ல அது. போலீஸ்கிட்டயும் சொன்னேன். காலப் பத்தி யாருய்யா கேட்டா, பிரேக் புடிச்சாரா இல்லையான்னு மட்டும் சொல்லுன்னாங்க."

மெஷினில் சாவி தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சாவி சூடாக இருந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில்தான், சாவிக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோம் என்பது உறைத்தது.

போலீஸ் திருப்பித் தந்த புதுச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. முன்சக்கரம் நசுங்கி மடிந்திருந்தது. பின்பக்கம் முழுசாக இருந்தது. அவள் குனிந்து ஒரு கையால் சீட்டைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பெடலை முன்னோக்கிச் சுற்றினாள். பின்சக்கரம் சுழன்றது. பிறகு, சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே, பெடலைப் பின்னோக்கி அழுத்தினாள். பெடல் தடையே இல்லாமல் கிரிக் கிரிக்கென்று திரும்பிச் சுற்றி, அவள் மணிக்கட்டில் இடித்துத் தோலைச் சிராய்த்தது. சக்கரம் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். யோசிக்க அவகாசம் இருந்த போதெல்லாம் அவர் கை பிரேக்கைப் பிடித்திருக்கும். நல்லா புடிக்குது என்று அவர் சொன்னது பொய்யில்லை. லாரி குறுக்கே வந்தபோது யோசிக்க அவகாசம் இல்லை. இருபது, முப்பது வருஷமாக எது நிறுத்தியதோ அதுதான் முந்திக்கொண்டது. வாய் வலிக்கச் சொன்னாலும் கால் கேட்காது என்றாரே. கடைசி நிமிஷத்தில் அந்த மனிதர் தன் உயிரையெல்லாம் காலில் கொண்டுவந்து, காலுக்கு நிற்கவே நிற்காத ஒரு சைக்கிளை நிறுத்தப் பார்த்திருக்கிறார். அவர் சாகப் போகவில்லை. வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்கிறார். அவளுக்குச் சத்தமில்லாமல் அழுகை வந்தது. அதில் பாதி நிம்மதி என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அழுகை ஓய்ந்து மூக்கைத் துடைக்கும்போது மறுபாதி வந்து நின்றது. இந்தச் சைக்கிளை வாங்கியது யார்? பத்திரமாக இருக்கட்டும் என்று, மனிதர் தூங்கும்போது, அவர் கால் படித்த பாடத்தையெல்லாம் ஒரே மதியத்தில் செல்லாக்காசாக்கியது யார்?

மேலே மாமனார் டீ போட்டு மூடிவைத்திருப்பார். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா என்பார். சாவிக்காரர் சொன்னதைச் சொல்லாமல் விட்டால், அந்த வார்த்தை அவளுக்குக் கடைசிவரை கிடைக்கும். கிழவர் இருக்கப்போவது இன்னும் கொஞ்ச காலம். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் அப்படியும் நினைக்கத்தான் செய்தாள், அவளும் மனுஷிதானே. ஆனால் அந்தப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தப்பே செய்யாதவன் கோழை என்று பெயர் வாங்கிக்கொண்டு, சொந்த வீட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவள் எழுந்து படியேறினாள்.

மாமனார் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல இரண்டு வாய் ஆகியிருந்தது.

"மாமா, அவர் வேணும்னு போகல."

"அந்தப் பேச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல?"

"சாவிக்கடைக்காரர் பார்த்திருக்கார். இறக்கத்துல அவர் பின்னாடி பின்னாடி மிதிச்சுக்கிட்டே வந்தாராம்."

தட்டைத் தள்ளப்போன கை நின்றது. "என்னது?"

"பின்னாடி. பெடல் சும்மா சுத்தியிருக்கு. கால் நழுவ நழுவ திரும்ப வச்சு அழுத்தியிருக்கார். ரெண்டு கால்லயும் முன்னெலும்புல காயம் இருந்துச்சு மாமா. அன்னைக்கு எனக்குப் புரியல."

மேஜைக்கு அடியில் மாமனாரின் வலதுகால், செருப்பில்லாத பாதம், தரையைப் பின்னோக்கி அழுத்தியது. அது அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்தப் பார்த்திருக்கான்" என்றார்.

"ஆமா மாமா."

"முட்டாப்பய. கைக்குள்ள பிரேக் இருக்கு. ஒரு விரல மடக்கினா போதும்." தன் விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றார்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். படத்தைத் திருப்பினார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"பழைய சைக்கிள்ல போயிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று படியேறும்போதே அவளுக்குத் தெரியும். செயின் திரும்பக் கழன்றிருக்கலாம், லாரி ரொம்பக் கிட்ட வந்திருக்கலாம், யாருக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாலத்தையும், அந்தச் சைக்கிளையும், அந்தக் காலையும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கேட்கிறார்.

"நின்னிருப்பார், மாமா."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டை அருகில் இழுத்தார். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல், மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். தினமும் சொல்கிற அந்த வார்த்தையை அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் அதைச் சொன்னதில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். பிசைந்தாள். கை வாய்க்குப் போகவில்லை.